100 கிலோ பவுடரில் 25 கிராம் மருந்து: 10 லட்சம் மாத்திரைக்கும் சமமாகப் போய்ச் சேர்வது எப்படி?

தைராய்டு குறைபாட்டுக்காக தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போடுபவர்கள் நம் வீடுகளில் ஏராளம். டப்பாவின் மேல் 25 மைக்ரோகிராம், 50 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கும். ஒரு கிராமை பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். கண்ணுக்குக்கூட சரியாகத் தெரியாத அளவு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 25 மைக்ரோகிராம் மாத்திரையின் மொத்த எடை 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் மாத்திரையில் நாலாயிரத்தில் ஒரு பங்குதான் மருந்து. மீதி எல்லாம் லாக்டோஸ், ஸ்டார்ச் போன்ற துணைப்பொருட்கள். 100 கிலோ பவுடரில் இருந்து 10 லட்சம் மாத்திரைகள் வரும். அந்த 100 கிலோவுக்குள் இருக்கும் மருந்து மொத்தமே 25 கிராம்.

அந்த 25 கிராம், 10 லட்சம் மாத்திரைக்கும் சமமாகப் போய்ச் சேர வேண்டும். ஒன்றில் கூடுதலாகவும் இன்னொன்றில் குறைவாகவும் விழுந்தால், ஒரே பாட்டிலில் இருந்து தினமும் ஒரு மாத்திரை எடுப்பவருக்கு தினமும் வேறு வேறு டோஸ் போகும்.

"நல்ல மெஷினில் போட்டு நன்றாகச் சுற்றினால் கலந்துவிடுமே" என்று தோன்றலாம். ஆனால் விஷயம் அவ்வளவு எளிதில்லை. கலவை எப்படி வரும் என்பதை முடிவு செய்வதில் மெஷினுக்கு இருக்கும் பங்கைவிட பவுடருக்கு இருக்கும் பங்கு பல நேரம் அதிகம். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

இந்தப் பேச்சு இப்போது ஏன்?

மத்திய மருந்து தரக்கட்டுப்பாட்டு அமைப்பு, தரமற்றவை என்று கண்டறியப்பட்ட மருந்துகளின் பட்டியலை ஒவ்வொரு மாதமும் வெளியிடுகிறது. எந்த மருந்து, எந்த பேட்ச், எந்தச் சோதனையில் தோற்றது என்ற விவரம் அதில் இருக்கும். "சரியாகக் கரையவில்லை", "மருந்தின் அளவு குறைவு" என்ற காரணங்களோடு, "மருந்தின் அளவு மாத்திரைக்கு மாத்திரை சீராக இல்லை" என்ற காரணமும் அவ்வப்போது வருகிறது.

2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகளின் உயிரைப் பறித்த இருமல் மருந்து விவகாரம் நினைவிருக்கும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது கண்டறியப்பட்டது. அது இருக்கவே கூடாத பொருள் உள்ளே வந்த கதை. இங்கே பேசுவது வேறு. இருக்க வேண்டிய பொருள்தான் இருக்கிறது, மொத்தக் கணக்கில் அளவும் சரிதான், ஆனால் சமமாகப் பரவவில்லை. விஷம் கலந்ததைப் போல இது உடனே வெளியே தெரியாது. "மாத்திரை போட்டும் கன்ட்ரோல் ஆகலையே" என்று நோயாளி மருத்துவரை மாற்றிக்கொண்டிருப்பார்.

எல்லா மாத்திரைக்கும் இந்தச் சிக்கல் உண்டா?

எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் இல்லை. 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையை எடுத்துக்கொண்டால், அதில் பெரும்பகுதி மருந்துதான். மாத்திரையின் எடை சரியாக இருந்தால் மருந்தின் அளவும் ஏறக்குறைய சரியாகவே இருக்கும்.

சிக்கல் வருவது மருந்தின் அளவு மிகக் குறைவாக இருக்கும் மாத்திரைகளில். தைராய்டுக்கான லீவோதைராக்சின், இதயத்துக்கான டிகாக்சின், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் போன்றவை இந்த வகை. இவற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. வேலை செய்யும் அளவுக்கும் தொந்தரவு தரும் அளவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ரொம்பக் குறுகியது. டிகாக்சின் கொஞ்சம் கூடினாலே இதயத் துடிப்பு தாறுமாறாகும். வார்ஃபரின் கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் ரத்தக்கட்டி.

இதனால்தான் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2007-ல் லீவோதைராக்சினுக்கான வரம்பை இறுக்கியது. காலாவதி தேதி வரை, குறிப்பிட்ட அளவில் 95 முதல் 105 சதவீதத்துக்குள் மருந்தின் வீரியம் நிற்க வேண்டும் என்றது. அதற்கு முன் 90 முதல் 110 வரை அனுமதி இருந்தது.

துகள் அளவு: பெரிதானாலும் தொல்லை, சிறிதானாலும் தொல்லை

பவுடரின் குணங்களில் முதலில் பார்க்க வேண்டியது துகளின் அளவு. இதை மைக்ரானில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 100 மைக்ரான் வரை இருக்கும்.

ஒரு மருந்தின் துகள்கள் எல்லாம் 100 மைக்ரான் அளவுள்ள சின்ன உருண்டைகள் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரைவிடக் கொஞ்சம் அடர்த்தி கூடியது என்று கணக்கிட்டால், ஒரு துகளின் எடை சுமார் 0.7 மைக்ரோகிராம். அப்படியானால் 25 மைக்ரோகிராம் டோஸுக்கு எத்தனை துகள் வேண்டும்? வெறும் 37.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மெஷின் எவ்வளவு அருமையாகக் கலந்தாலும், துகள்கள் மாத்திரைக்குள் எண்ணி வைத்தது போல விழாது. தற்செயலாகத்தான் விழும். ஒரு மாத்திரையில் 37 விழுந்தால், இன்னொன்றில் 31, வேறொன்றில் 43. கணக்குப்படி சுமார் 16 சதவீதம் கூடக் குறைய இருப்பது சர்வசாதாரணம். மூன்றில் ஒரு மாத்திரை அதையும் தாண்டிப் போகும். இது மெஷினின் தப்பு இல்லை, ஆபரேட்டரின் தப்பும் இல்லை. இந்தப் பவுடரை வைத்து இதைவிட நன்றாகக் கலக்க யாராலும் முடியாது.

இதே மருந்தை 10 மைக்ரானுக்கு அரைத்தால் ஒரு டோஸில் 37 ஆயிரம் துகள்கள் இருக்கும். ஏற்ற இறக்கம் அரை சதவீதமாகக் குறைந்துவிடும். அப்படியானால் பொடியாக அரைத்துவிட்டால் வேலை முடிந்ததா?

அங்கே அடுத்த தொல்லை காத்திருக்கிறது. துகள் சிறிதாக ஆக, அதன் எடை மளமளவெனக் குறையும். விட்டத்தை பத்தில் ஒரு பங்காக்கினால் எடை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அதைக் கீழே இழுக்கும் புவியீர்ப்பைவிட, பக்கத்துத் துகளோடு ஒட்டவைக்கும் விசை பெரிதாகிவிடும். விளைவு, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாக நிற்கும். பல ஆயிரம் துகள்கள் சேர்ந்த ஒரு கட்டி, கலவையில் ஒரே பெரிய துகள் போலத்தான் நடந்துகொள்ளும். அந்தக் கட்டி முழுசாக ஒரு மாத்திரைக்குள் போனால், அந்த ஒரு மாத்திரையில் மட்டும் மருந்து அளவுக்கு மீறும்.

துகள் அளவு இன்னொரு வழியிலும் நோயாளியைத் தொடுகிறது. பொடியான துகள் உடலில் வேகமாகக் கரையும், பெரிய துகள் மெதுவாகக் கரையும். வெவ்வேறு நிறுவனங்களின் டிகாக்சின் மாத்திரைகளை ஒரே அளவில் கொடுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் சேர்ந்த மருந்தின் அளவில் ஏழு மடங்கு வரை வித்தியாசம் இருந்ததாக 1971-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. மாத்திரைகள் எப்படிக் கரைகின்றன என்பதை உற்றுப் பார்க்க வைத்த ஆய்வுகளில் அதுவும் ஒன்று. துகள் அளவும் அப்போது முக்கியமான கேள்வியானது.

கோலப்பொடியும் மைதாவும்

இரண்டாவது குணம், பவுடர் எவ்வளவு சரளமாக ஓடுகிறது என்பது. கோலம் போடுபவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும். கொரகொரப்பான கோலப்பொடி விரலிடுக்கில் இழை போல இறங்கும். அதே விரலில் மைதாவை எடுத்தால் இறங்காது, கட்டியாக விழும்.

மருந்து ஆலைகளில் இதை அளக்க எளிய வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, பவுடரைக் கொட்டிக் குவியலின் சரிவைப் பார்ப்பது. சரிவு 25 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் பவுடர் அருமையாக ஓடும். 46 டிகிரியைத் தாண்டினால் மோசம்.

இரண்டாவது, அளவுக் குடுவையில் 100 மில்லி வரை பவுடரை நிரப்பித் திரும்பத் திரும்பத் தட்டுவது. 85-க்கு மேல் நின்றால் நன்றாக ஓடும் பவுடர். 65-க்கு இறங்கினால் ரொம்ப மோசமாக ஓடும் பவுடர் என்று பொருள். தட்டினால் எத்தனை சதவீதம் அமுங்குகிறது என்பதை 'கார் குறியீடு' என்கிறார்கள்.

சரி, நன்றாக ஓடும் பவுடர்தான் நல்லதா? இங்கே ஒரு முரண் இருக்கிறது. நன்றாக ஓடும் பவுடர் சீக்கிரம் கலக்கும், அதே வேகத்தில் பிரிந்தும் போகும். ஒட்டும் பவுடர் கலக்க அடம்பிடிக்கும், ஆனால் ஒருமுறை கலந்துவிட்டால் சுலபத்தில் பிரியாது. இரண்டுக்கும் ஒரே ரெசிபி போட முடியாது.

துகளின் வடிவமும் இதில் சேரும். உருண்டையானவை உருண்டு ஓடும். ஊசி போல நீளமானவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அடர்த்தியில் பெரிய வித்தியாசம் இருந்தாலும் கலவை பாதிக்கும். ஆனால் பிரிந்துபோவதற்குப் பெரும்பாலும் முதல் காரணம் துகள் அளவில் இருக்கும் வித்தியாசம்தான்.

மழைக்காலத்து உப்பு ஜாடி

மூன்றாவது, ஈரப்பதம். மழைக்காலத்தில் தூள் உப்பு ஜாடிக்குள் கட்டியாகி நிற்பதைப் பார்த்திருப்போம். காற்றில் ஈரம் கூடினால் துகள்களுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் உருவாகி, பாலம் போல இரண்டையும் பிடித்துக்கொள்ளும்.

அதற்காக எல்லாவற்றையும் காயவைத்துவிட்டால் வேறு பிரச்னை. காய்ந்த துகள்கள் உரசும்போது மின்னேற்றம் உண்டாகும். தெர்மாகோல் உருண்டைகள் கையை விட்டுப் போகாமல் ஒட்டிக்கொள்வது இதனால்தான். மருந்துத் துகள்கள் அப்படி மிக்சரின் சுவரில் ஒட்டிக்கொண்டால், 25 கிராமில் ஒரு கிராம் சுவரோடு போனாலே 4 சதவீத மருந்து காணாமல் போன கணக்கு.

அதனால்தான் மருந்து ஆலைகளில் கலவை அறையின் ஈரப்பதத்தை ஒரு வரம்புக்குள் வைத்துப் பதிவு செய்கிறார்கள்.

எந்த மிக்சர், எந்தப் பவுடருக்கு?

இந்திய ஆலைகளில் அதிகம் தென்படுபவை சுழலும் வகை மிக்சர்கள். ஆங்கில வி எழுத்து வடிவத்தில் ஒன்று, எண்கோண வடிவத்தில் ஒன்று, பவுடர் இருக்கும் தொட்டியையே மாட்டிச் சுற்றும் பின் பிளெண்டர் ஒன்று. உள்ளே எந்தப் பிளேடும் கிடையாது. பாத்திரம் சுற்றும்போது பவுடர் புரண்டு புரண்டு கலக்கும். நன்றாக ஓடும் பவுடருக்கு இவை பொருத்தம். ஆனால் கட்டிகளை உடைக்கும் பலம் இவற்றுக்குக் குறைவு.

வேகமாகச் சுற்றும் பிளேடு கொண்ட மிக்சர்கள் கட்டிகளை உடைக்கும். ஆனால் மென்மையான துகள்களையும் சேர்த்து நொறுக்கிவிடக்கூடும். ரிப்பன் போன்ற சுருள் பட்டை சுற்றும் மிக்சர்களில் மூலைகளிலும் பட்டைக்கு அடியிலும் பவுடர் அசையாமல் தங்கிவிடும் ஆபத்து உண்டு.

எவ்வளவு நிரப்புகிறோம் என்பதும் முக்கியம். சுழலும் மிக்சரில் பொதுவாகப் பாதியில் இருந்து 60 சதவீதம் வரைதான் நிரப்புவார்கள். "இன்னும் ஒரு மூட்டை போடலாமே" என்று முக்கால் பாகத்தைத் தாண்டினால், பவுடர் புரள இடம் இல்லாமல் நடுவில் ஒரு பகுதி அப்படியே மொத்தமாகச் சுற்றி வரும்.

மருந்தை எங்கே போடுகிறோம் என்பதும் கணக்கு. வி வடிவ மிக்சரில் ஒரு பக்கக் கையில் மட்டும் மருந்தைக் கொட்டினால், அது மறுபக்கத்துக்குப் போய்ச் சேர ரொம்ப நேரம் ஆகும். இரண்டு கைகளுக்கும் பிரித்து, அடுக்கடுக்காகப் போட்டால் சீக்கிரம் கலக்கும்.

இன்னும் கொஞ்ச நேரம் சுற்றவிட்டால் என்ன?

கலவை சரியாக வரவில்லை என்றால் முதலில் வரும் யோசனை இதுதான். ஆனால் நிறைய நேரம் கலந்தால் நிறைய நன்மை என்பது பவுடர் விஷயத்தில் செல்லாது.

ஒன்று, ஒரு கட்டத்துக்கு மேல் கலவை மேம்படாது. துகள் அளவு வித்தியாசம் அதிகமாக இருந்தால், கலக்கும் அதே அசைவு பிரிக்கவும் செய்யும்.

இரண்டு, மெக்னீசியம் ஸ்டியரேட். மாத்திரை அச்சில் ஒட்டாமல் இருக்க, இந்த வழுவழுப்பான பொடியைக் கடைசியாகச் சேர்ப்பார்கள். பல மாத்திரைகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கும். இதைச் சில நிமிடங்கள் மட்டுமே கலக்க வேண்டும். அதிகம் கலந்தால் அது எல்லாத் துகள்களின் மேலும் மெல்லிய படலமாகப் பூசிக்கொள்ளும். அந்தப் படலத்துக்குத் தண்ணீர் ஆகாது. மாத்திரை உறுதியாகப் பிடிக்காது, வயிற்றுக்குள் போனாலும் மெதுவாகத்தான் கரையும். மருந்து சமமாக இருந்தும் "சரியாகக் கரையவில்லை" என்று சோதனையில் தோற்க இதுவும் ஒரு காரணம்.

கலந்த பிறகு பிரிவது எப்படி?

தீபாவளிக்கு வாங்கிய மிக்சர் டப்பாவை நினைத்துப் பாருங்கள். கடைக்காரர் எல்லாவற்றையும் கலந்துதான் கொடுத்திருப்பார். நாலு நாள் கழித்துப் பார்த்தால் மேலே கடலையும் காராபூந்தியும் இருக்கும். அடியில் ஓமப்பொடித் தூளும் காரமும் உப்பும் தங்கியிருக்கும். ஆட்டும்போதெல்லாம் பெரியவற்றுக்கு நடுவில் இருக்கும் சந்து வழியாகச் சின்னது கீழே இறங்கிவிடுகிறது.

நம் வீட்டுப் பெரியவர்கள் இதைத் தெரிந்தே பயன்படுத்தினார்கள். முறத்தில் புடைப்பதும் கொழிப்பதும் இந்த விதியை வைத்துத்தான். நொய்யும் அரிசியும் தனித்தனியாகப் பிரிய வேண்டும் என்பது அங்கே தேவை. மருந்து ஆலையில் அதே விதி எதிரியாகிவிடுகிறது.

மிக்சரில் இருந்து மாத்திரை அடிக்கும் மெஷினுக்குப் போகும் வழியில் இப்படிப் பிரிய வாய்ப்புகள் ஏராளம்:

● ஒரு தொட்டியில் இருந்து இன்னொன்றுக்குக் கொட்டும்போது குவியல் உண்டாகும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஜல்லி கொட்டினால் பெரிய கல் ஓரத்துக்கு உருண்டு போவதும் பொடி நடுவில் நிற்பதும் போல, இங்கேயும் நடக்கும்.

● உயரத்தில் இருந்து கொட்டினால் பொடியான துகள்கள் காற்றில் மிதந்து, கடைசியாக மேலே படியும்.

● மாத்திரை மெஷின் மணிக்கணக்கில் அதிரும். அதன் மேலே இருக்கும் புனலில் பவுடர் ஆடிக்கொண்டே இருக்கும்.

● புனலின் சரிவு போதாவிட்டால் நடுவில் இருக்கும் பவுடர் முதலில் இறங்கும், ஓரத்தில் இருப்பது கடைசியில் வரும். அதனால் பேட்ச்சின் ஆரம்பத்தில் வரும் மாத்திரையும் முடிவில் வரும் மாத்திரையும் வேறுபடும்.

ஆக, மிக்சருக்குள் நூற்றுக்கு நூறு சரியாக இருந்த கலவை, மாத்திரை ஆவதற்குள் கெட்டுப்போக முடியும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மிக்சருக்குள் பல இடங்களில் இருந்து மாதிரி எடுப்பது வழக்கம். சுழலும் மிக்சர் என்றால் குறைந்தது 10 இடங்கள் என்பது பொதுவான நடைமுறை. அதற்கு நீளமான கம்பி போன்ற கருவி ஒன்று இருக்கிறது. தொழிலில் அதன் பெயரே 'தீஃப்', அதாவது திருடன். பவுடருக்குள் நுழைந்து கொஞ்சம் எடுத்து வரும். சிக்கல் என்னவென்றால், நுழையும்போதே அது மேலே இருக்கும் பவுடரைக் கீழே இழுத்துச் சென்று கலவையைக் கலைத்துவிடும்.

எவ்வளவு எடுக்கிறோம் என்பதும் முடிவை மாற்றும். ஒரு கரண்டி அள்ளிச் சோதித்தால், அதற்குள் இருக்கும் ஏற்ற இறக்கம் எல்லாம் சராசரியாகி, கலவை நன்றாக இருப்பது போலக் காட்டும். நோயாளி சாப்பிடுவது ஒரு கரண்டி இல்லை, ஒரு மாத்திரை. அமெரிக்காவில் 1993-ல் பார் லேபரட்டரீஸ் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் நீதிபதி ஆல்ஃபிரட் வோலின் இதைத்தான் பிடித்தார். கலவைச் சோதனைக்கு எடுக்கும் மாதிரி, ஒரு டோஸைப் போல மூன்று மடங்கு அளவில் இருக்க வேண்டும் என்றார். தோற்ற சோதனையை, பாஸ் ஆகும் வரை திரும்பத் திரும்பச் செய்து பேட்ச்சை வெளியே விடுவதையும் அந்தத் தீர்ப்பு ஏற்கவில்லை. அதன் பிறகு உலகம் முழுக்க மருந்து ஆலைகளின் நடைமுறை மாறியது.

முடிந்த மாத்திரைக்கு இன்னொரு சோதனை உண்டு. அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய மருந்துத் தரநூல்களின் பொது விதிப்படி, முதலில் 10 மாத்திரைகளைத் தனித்தனியாகச் சோதிப்பார்கள். முடிவு வரம்பைத் தாண்டினால் இன்னும் 20 மாத்திரைகள் எடுப்பார்கள்.

இங்கேயும் கணக்கைக் கவனிக்க வேண்டும். 10 லட்சம் மாத்திரையில் சோதிப்பது அதிகபட்சம் 30. எங்கோ ஒரு கட்டி உடையாமல் போய், நூறு மாத்திரைகளில் மட்டும் அளவு கூடியிருந்தால், இந்த 30-ல் அவை சிக்க வாய்ப்பு மிகக் குறைவு. கடைசிச் சோதனையை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பதற்குக் காரணம் இதுதான்.

தீர்வு என்ன?

பெரிய வித்தை எதுவும் இல்லை. பல தீர்வுகள் நம் சமையலறைக்கும் சித்த மருத்துவத்துக்கும் பழக்கமானவைதான்.

முதலாவது, படிப்படியாகக் கலப்பது. மருந்தோடு அதே அளவு துணைப்பொருளைச் சேர்த்துக் கலந்து, அந்தக் கலவைக்குச் சமமாக மறுபடியும் சேர்த்து, இப்படியே இரட்டித்துக்கொண்டு போவார்கள். ஒரு சிட்டிகை பெருங்காயத்தை நேரே மாவில் போடாமல், கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றுவதும் இதே யோசனைதான்.

இரண்டாவது, சலிப்பது. கலக்கும் முன் சல்லடையில் போட்டுக் கட்டிகளை உடைப்பது. சித்த மருத்துவத்தில் சூரணத்தைத் துணியில் சலிப்பதற்கு 'வஸ்திரகாயம்' என்றே பெயர் இருக்கிறது.

மூன்றாவது, ஒட்டுந்தன்மையையே துணையாக்கிக்கொள்வது. ரொம்பப் பொடியான மருந்தைக் கொஞ்சம் பெரிய லாக்டோஸ் துகள்களின் மேல் ஒட்டவைப்பார்கள். லாக்டோஸ் போகும் இடத்துக்கெல்லாம் மருந்தும் கூடவே போகும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் பல பவுடர் இன்ஹேலர்களில் இருப்பது இந்த முறைதான்.

நான்காவது, குருணையாக்குவது. மருந்தையும் துணைப்பொருளையும் ஈரமாக்கிப் பிசைந்து, குருணையாக்கி, உலர்த்திவிடுவது. மருந்து குருணைக்குள் பூட்டப்பட்டுவிடுவதால் பிரிவது குறையும்.

இவற்றோடு, கலவை நடக்கும்போதே அகச்சிவப்பு ஒளியால் உள்ளே பார்க்கும் கருவிகளும் வந்துவிட்டன. "15 நிமிடம் ஆச்சு, நிறுத்து" என்பதற்குப் பதிலாக "கலந்துவிட்டது, நிறுத்து" என்று சொல்ல இவை உதவும்.

இந்தியாவில் விதி என்ன சொல்கிறது?

மருந்து உற்பத்திக்கான நல்ல நடைமுறைகளைச் சொல்லும் 'அட்டவணை எம்' விதிகளை மத்திய அரசு 2023 டிசம்பர் 28 தேதியிட்ட அறிவிக்கையில் திருத்தியது. ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு ஒரு வருடம். பிறகு, விண்ணப்பித்த சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது.

புதிய விதிகளில் ஆபத்துகளை முன்கூட்டியே கணிக்கும் முறை, மெஷினும் செய்முறையும் சரியாக வேலை செய்வதை நிரூபிப்பது, ஒவ்வொரு மருந்தின் தரத்தையும் அவ்வப்போது மறுஆய்வு செய்வது ஆகியவை இடம்பெற்றிருக்கின்றன.

இது காகிதத்தில் மட்டும் நின்றுவிட வாய்ப்பு எங்கே இருக்கிறது? உதாரணத்துக்கு, ஒரு சின்ன நிறுவனம் விலை குறைவு என்று லாக்டோஸ் வாங்கும் இடத்தை மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய லாக்டோஸும் புதியதும் ரசாயனத் தூய்மைச் சோதனையில் பாஸ். ஆனால் துகள் அளவு வேறு. மெஷின் அதே மெஷின், நேரம் அதே 15 நிமிடம், பதிவேட்டில் எல்லாம் சரி. மாத்திரை மட்டும் முன்பு போல இருக்காது. ஆய்வுக்கு வரும் அதிகாரி மெஷினின் சான்றிதழை மட்டும் பார்த்தால் இது தெரியாது. "பவுடரை மாற்றினீர்களா, துகள் அளவை அளந்தீர்களா, அதற்குப் பிறகு கலவையை மறுபடி நிரூபித்தீர்களா" என்று கேட்டால்தான் தெரியும்.

துகள் அளவை அளக்கும் கருவிக்கும் அதை இயக்கத் தெரிந்த ஆளுக்கும் செலவு ஆகும். மாத்திரைக்கு சில பைசா வித்தியாசத்தில் டெண்டர் எடுக்கும் நிறுவனங்கள் முதலில் கைவைக்கக்கூடிய இடமும் அதுதான். விதியை அமல்படுத்துவதில் உண்மையான சோதனை அங்கேதான் இருக்கிறது.

மாத்திரை சாப்பிடுபவர்கள் என்ன செய்யலாம்?

● பயந்துபோய் மாத்திரையை நிறுத்த வேண்டாம். தைராய்டு, இதயம், ரத்தம் உறையாமை மருந்துகளைச் சட்டென்று நிறுத்துவதில் இருக்கும் ஆபத்து பெரியது.

● மாதாந்திரப் பட்டியலில் ஒரு மருந்தின் பெயர் வந்தால், அதில் இருக்கும் பேட்ச் எண்ணைப் பாருங்கள். தோற்றது அந்த பேட்ச் மட்டும்தான். அதே பெயரில் இருக்கும் எல்லா மாத்திரையும் மோசம் என்று பொருள் இல்லை.

● மருந்து தீரும் வரை அட்டையையும் பில்லையும் வைத்திருங்கள். பேட்ச் எண் இருக்கும் முனையை முதலில் கிழித்துப் போடாதீர்கள்.

● குறைந்த அளவு மருந்துகளில் பிராண்டை அடிக்கடி மாற்ற வேண்டாம். மாற்ற வேண்டி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், தேவையான ரத்தப் பரிசோதனையை அவர் சொல்வார்.

● பாதி மாத்திரை போடச் சொல்லியிருந்தால், அதே அளவில் முழு மாத்திரை கிடைக்குமா என்று கேளுங்கள். கையால் உடைக்கும்போது பாதி சரிபாதியாக வருவதில்லை.

● வழக்கமான மாத்திரையில் திடீரென வித்தியாசமான விளைவு தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024-லும் தெரிவிக்கலாம்.

மாத்திரையைக் கையில் வைத்துப் பார்த்து, உள்ளே மருந்து சரியாக இருக்கிறதா என்று நம்மால் கண்டுபிடிக்க முடியாது. கடைக்காரராலும் முடியாது, மருத்துவராலும் முடியாது. கலவை அறையில் மெஷினை ஆன் செய்வதற்கு முன், இந்தப் பவுடர் எப்படிப்பட்டது என்று யாராவது அளந்து பார்த்தார்களா என்பதில்தான் அது இருக்கிறது. அதைக் கேட்டு உறுதி செய்ய வேண்டிய பொறுப்பு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுடையது.